படிவத்திலை "வருத்தம்" எண்டு போடலாமோ? சந்தோசம், கவலை, வருத்தம், அந்தரம் பற்றி

படிவக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். கிளினிக்குக்கு வாற ஆக்களிட்டைக் குடுக்கிறதுக்கு ரண்டு பக்கப் படிவம் ஒண்டு தயாராகுது. யாழ்ப்பாணத்திலைதான் பாவிக்கப்போறம். தமிழ் வாசகம் தமிழ்நாட்டிலை செய்தது. இலக்கணப் பிழை ஒண்டுமில்லை, ஆனால் வாசிக்கேக்கை எங்கேயோ இடிக்குது. கேள்வியள் இவைதான்:

சமீபத்தில் வருத்தமாக இருக்கிறீர்களா?
துக்கம் உள்ளதா?
வாழ்க்கையில் இன்பம் அனுபவிக்கிறீர்களா?
பதற்றம் உள்ளதா?
கவலை இல்லாமல் இருக்கிறீர்களா?

கடைசியிலை 5 படி அளவுகோல் ஒண்டும் இருக்கு: மிகுந்த மகிழ்ச்சி, மகிழ்ச்சி, நடுநிலை, வருத்தம், மிகுந்த வருத்தம். எதை மாத்த வேணும், ஏன் மாத்த வேணும் எண்டு சொல்லுங்கோ. "ஏன்" முக்கியம். மேலை இருக்கிறவைக்கு நான் எழுத்திலை விளக்கம் குடுக்க வேணும்.

தீவுப்பக்கம்:
முதல் கேள்விக்கு வரப்போற மறுமொழியை இப்பவே சொல்லுறன்: "ஓம், பிறசர். சீனி வருத்தமும் இருக்கு."

நாவற்குழியான்:
தம்பி பகிடியாச் சொன்னாலும் விசயம் அதுதான். எங்கடை பேச்சிலை வருத்தம் எண்டால் நோய். "அவருக்கு என்ன வருத்தம்?", "வருத்தம் வந்து படுத்திட்டார்", "வருத்தக்காரரைப் பாக்கப் போறம்". இந்த மூண்டிலையும் மனம் எண்ட பேச்சே இல்லை. அதுவும் கிளினிக் வாங்கிலை இருந்துகொண்டு "வருத்தமா இருக்கிறியளோ" எண்டு கேட்டால் வேறை எதையும் ஆர் நினைப்பினம்? அதுக்கு எதிர்ச்சொல் சுகம். "சுகமா இருக்கிறியளோ", "சுகமில்லை", "சுகம் வந்திட்டுது". சுகமும் வருத்தமும் உடம்புக்கு. சந்தோசமும் கவலையும் மனத்துக்கு. ரண்டு சோடி, ரண்டு இடம். உங்கடை படிவம் மகிழ்ச்சிக்கு எதிரா வருத்தத்தைப் போட்டு, ஒரு சோடியிலை ஒண்டையும் மற்றச் சோடியிலை ஒண்டையும் எடுத்துக் கலியாணம் கட்டி வைச்சிருக்கு.

இன்னும் ஒண்டு கவனியுங்கோ. தமிழ்நாட்டிலை கவலை எண்டால் பெரும்பாலும் நாளைக்கு என்ன நடக்குமோ எண்ட நினைப்பு. இஞ்சை நடந்து முடிஞ்சதுக்கும் கவலைதான். "தாய் செத்த கவலை", "கேக்கக் கவலையாக் கிடக்கு". அப்ப நாளையைப் பற்றின நினைப்புக்கு நாங்கள் என்ன சொல்லுறம்? யோசினை. "ஒரே யோசினையா இருக்கு", "அதை விடுங்கோ, யோசிக்காதேங்கோ". இந்த "யோசிக்காதேங்கோ"வை வெளியூராள் கேட்டால் மூளையைப் பாவிக்க வேண்டாமெண்டு சொல்லுறம் எண்டுதான் எடுப்பான்.

ஒழுங்கைப் பாருங்கோ. வருத்தம் மனத்தை விட்டு உடம்புக்குப் போச்சு. அது விட்ட கதிரையிலை கவலை வந்து இருந்தது. கவலை விட்ட கதிரையிலை யோசினை வந்து இருந்தது. ஒரு சொல்லை மட்டும் மாத்திப் போட்டுப் படிவம் சரியெண்டு நினைக்கக் கூடாது, மூண்டையும் ஒருமிக்க மாத்த வேணும்.

ஏட்டுச்சுவடி:
நாவற்குழியாரின் கதிரைக் கணக்கு அழகாக இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். வருத்தம் "மனத்தை விட்டு" உடம்புக்குப் போனது என்று சொல்வதற்கில்லை. அது தொடக்கத்திலேயே உடம்பில் காலூன்றிய சொல். "மெய்வருத்தக் கூலி தரும்" (குறள் 619) என்பதில் வருத்தம் உடல் படும் பாடு. அங்கே சோகம் இல்லை. யாழ்ப்பாணம் பழைய உடல் வாடையைக் காப்பாற்றி நோய்வரை நீட்டியது. தமிழ்நாட்டுப் பேச்சு மனப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கிளைக்கும் ஒரே அடிமரம்.

கவலை அதைவிடச் சுவையான சொல். பழந்தமிழில் அதற்குக் கிளைத்துப் பிரியும் வழி என்றும் பொருள் உண்டு. பாதை இரண்டாகப் பிரிகிற இடம் கவலை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிற மனமும் கவலை. அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுப் பொருள்தான் மூலத்துக்கு நெருக்கம். நம்முடையது பிறகு பரந்தது.

ஆகவே எது "சரியான தமிழ்" என்ற சண்டை வேண்டாம். ஒரு சொல்லில் நாம் பழமை, மற்றதில் அவர்கள்.

மதுரைப்பக்கம்:
இந்தியாவிலிருந்து வாசிக்கிறேன். எங்களுக்கு "அவருக்கு வருத்தம்" என்றால் யார் மேலோ மனத்தாங்கல், "என் மேல வருத்தமா?" என்று கேட்போம். இது நோய் என்று இன்றுதான் தெரிகிறது. உங்கள் ஊரில் மனத்தாங்கலுக்கு என்ன சொல்வீர்கள்?

நாவற்குழியான்:
மனவருத்தம். "சொல்லாமல் போனதிலை அவருக்குச் சரியான மனவருத்தம்." மன எண்டு முன்னுக்கு ஒரு சொல்லு ஒட்டினால்தான் எங்கடை வருத்தம் மனத்துக்கு ஏறும். "வருத்தப்பட்டவர்" எண்டு வினையா வந்தாலும் மனத்துக்குப் போகும். பெயர்ச்சொல்லாத் தனிய நிண்டால்தான் நோய். நல்ல கேள்வி, நான் மேலை எழுதேக்கை இதை விட்டிட்டன்.

வாட்டுமொழி:
நேர்காணல் செய்யிற பக்கத்திலையிருந்து எழுதுறன். நாலு விசயம், ஒழுங்கில்லாமல்.

துக்கம் வேண்டாம். இஞ்சை அது உணர்ச்சியை விட நிகழ்ச்சி. துக்கம் விசாரிக்கப் போறது, துக்கவீடு, 31ஆம் நாள் செய்யிற அந்தியேட்டிக் கிரியையோடை ஒரு முடிவு. "துக்கம் உள்ளதா" எண்டு கேட்டால் வீட்டிலை ஆரும் செத்தவையோ எண்டுதான் விளங்கும். செத்தவீடு நடக்காத ஆள் "இல்லை" எண்டு புள்ளடி போடுவார். ஆனால் ஆள் மூண்டு மாதமா ஒழுங்கா நித்திரை கொள்ளாதவராயிருக்கலாம்.

இன்பம் கட்டாயம் வெட்டுங்கோ. எழுத்திலை கம்பீரமான சொல்தான். எழுபது வயசு அம்மாவிட்டை ஒரு இளந்தாதி இருந்து "இன்பம் அனுபவிக்கிறீர்களா" எண்டு கேட்டால் அவ சீலைத்தலைப்பாலை வாயைப் பொத்துவா, அல்லது எழும்பிப் போவா. காமத்துப்பாலுக்கு இன்பத்துப்பால் எண்டும் பெயர் இருக்கிறது சும்மா இல்லை.

பதற்றம் பலருக்கு விளங்கும். அதை அவை சொல்லமாட்டினம், அவ்வளவுதான். எங்கடை பயிற்சிப் புத்தகங்களிலை பதகளிப்பு எண்டு வரும், அதுவும் வாயிலை வராது. வாயிலை வாறது அந்தரம். "ஒரே அந்தரமா இருக்கு." அந்தரம் எண்டால் நடுவெளி, பிடியில்லாமல் தொங்கிற இடம். இருப்புக் கொள்ளாமை, அவசரம், கையாலாகாமை மூண்டும் அதுக்குள்ளை இருக்கு. ஆனால் எச்சரிக்கை: "அந்தரப்படாதேங்கோ" எண்டால் சும்மா "அவசரப்படாதேங்கோ" எண்டும் வரும், "அந்தரிச்சுப் போனம்" எண்டால் ஆதரவில்லாமல் நிண்டம். அதாலை படிவத்திலை தனிச்சொல்லாப் போடாமல் உடம்புக் குறியோடை போடுங்கோ: "இருப்புக் கொள்ளாமல், நெஞ்சு படபடத்து, அந்தரமாக இருந்ததா?" ரண்டாவது பொருள் தானா விழுந்திடும்.

நாலாவது, கேள்வி எதிர்மறை. "கவலை இல்லாமல் இருக்கிறீர்களா?" எண்டதுக்கு "ஓம்" எண்டால் கவலை இல்லை, "இல்லை" எண்டால் கவலை இருக்கு. ஆனால் பாதிப்பேர் "இல்லை, கவலை இல்லை" எண்ட அர்த்தத்திலை "இல்லை"க்குப் புள்ளடி போடுவினம். தமிழிலை மறுமொழி கேள்வியோடை ஒத்துப் போகுதோ எண்டதைத்தான் சொல்லும். "சாப்பிடேல்லையோ?" எண்டால் "ஓம், சாப்பிடேல்லை" எண்டுதானே சொல்லுறம். எதிர்மறைக் கேள்வியும் ஓம்-இல்லைப் பெட்டியும் ஒரே வரியிலை வரவே கூடாது. பெட்டியிலை நாள்க்கணக்கு வையுங்கோ: ஒருநாளும் இல்லை, சில நாள், பாதிக்கு மேற்பட்ட நாள், அநேகமாக ஒவ்வொரு நாளும். கால அளவு "கடந்த 2 கிழமை". "சமீபத்தில்" எண்டது ஒருத்தருக்கு நேற்று, இன்னொருத்தருக்குப் போன பொங்கல்.

படிவக்காரி:
வாட்டுமொழி அக்கா, பெட்டி நீங்கள் சொன்ன மாதிரி 0, 1, 2, 3 எண்டு வருது எண்டால் அது பி.எச்.கியூ-9 (மனச்சோர்வைப் பாக்கிற கேள்விப் படிவம்) அமைப்புத்தானே? அப்ப நேரடியா அதையே எடுத்து எங்கடை சொல்லுப் போட்டால் என்ன?

வாட்டுமொழி:
ஓம், அதே அமைப்புத்தான். 9 கேள்வி, 2 கிழமை, ஒவ்வொண்டுக்கும் 0 முதல் 3, கூட்டினால் ஆகக்கூடியது 27. வெட்டுப்புள்ளியள் (கடுமை ஒரு படி கூடுற எல்லையள்) 5, 10, 15, 20. பாவிக்க அனுமதி தேவையில்லை. ஆனால் சொல்லை மாத்தினால் அந்த வெட்டுப்புள்ளியளை அப்படியே வைச்சிருக்க உரிமை இல்லை. "10உம் அதுக்கு மேலையும்" எண்டது குறிப்பிட்ட வாசகத்துக்கு, குறிப்பிட்ட ஆக்களிட்டைச் சரிபாத்த எண். "வருத்தமாக"வை எடுத்துப்போட்டுக் "கவலையாக" போட்டால் கூடப்பேர் "ஓம்" சொல்லுவினம், புள்ளி ஏறும். அது ஆக்கள் மோசமானதாலை இல்லை, சொல் விளங்கினதாலை. புள்ளி வேணுமெண்டால் சரிபாத்த வாசகத்தோடை நில்லுங்கோ. கதை தொடங்க ஒரு தாள் போதுமெண்டால் உங்கடை சொல்லை வையுங்கோ, கூட்டுத்தொகையை மறந்திடுங்கோ. ரண்டையும் கலக்க வேண்டாம்.

மாத்தினாப் பிறகு செய்ய வேண்டியது: மூலத்தைப் பாக்காத ஒருவர் உங்கடை தமிழைத் திருப்பி மொழிபெயர்க்க வேணும். பிறகு ஐஞ்சாறு பேரிட்டைக் கேள்வியை வாசிச்சு, "இதிலை என்ன கேக்கினம் எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ" எண்டு கேக்க வேணும். "விளங்குதோ?" எண்டு கேட்டுப் பிரயோசனமில்லை, எல்லாரும் மரியாதைக்கு ஓம் எண்டுவினம். அந்த ஐஞ்சாறு பேரிலை ஒருவராவது பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரா இருக்க வேணும்.

தீவுப்பக்கம்:
எல்லாரும் கவலைப் பக்கமே நிக்கிறியள். சந்தோசப் பக்கம் வாங்கோ. புளுகம் எண்ட சொல்லை ஏன் ஒருத்தரும் தொடேல்லை? "பெடிக்கு ஒரே புளுகம்", "புளுகம் தாங்கேலாமல் துள்ளுறான்." மகிழ்ச்சியை விட எவ்வளவு உயிர்!

மதுரைப்பக்கம்:
புளுகு என்றால் பொய் இல்லையா?

ஏட்டுச்சுவடி:
இங்கும் புளுகு பொய்தான், "புளுகாதை" என்போம். புளுகம் வேறு, பூரிப்பு. மகரம் ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. புளகம் என்ற வடசொல்லுக்கு மயிர்ச்சிலிர்ப்பு என்று பொருள், புளகாங்கிதம் அதிலிருந்து வருவது. நம் புளுகமும் அதற்கு உறவாகத்தான் எனக்குப் படுகிறது. உடம்பில் தெரிகிற மகிழ்ச்சிக்கே அதைச் சொல்கிறோம். அமைதியாகத் திண்ணையில் இருக்கிற கிழவரைப் பார்த்துப் புளுகம் என்று யாரும் சொல்வதில்லை.

படிவத்துக்கு அது ஆகாது. அது பிறரைப் பற்றிச் சொல்கிற சொல், பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றி. வளர்ந்தவரைப் பற்றிச் சொன்னால் சற்று இளக்காரமும் சேரும்: "அமெரிக்கா விசா வந்த புளுகம்."

மகிழ்ச்சியைப் பற்றியும் ஒன்று. அது இன்று வாழ்த்து மடல் சொல், மேடைச் சொல். பழைய வழக்கில் மகிழ் என்பது கள்ளும் கள்ளின் மயக்கமும். "உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில் காமத்திற் குண்டு" (குறள் 1281). களிப்பும் அதே குடும்பம்: "களித்தறியேன்" (928) என்பது "நான் குடித்ததே இல்லை" என்று சாதிக்கிறவனின் வாய்மொழி. பொச்சாவாமை (கவனம் தவறாமை) அதிகாரத்தின் முதற் குறளிலேயே, மிதமிஞ்சிய கோபத்தைவிடத் தீயது "உவகை மகிழ்ச்சியின் சோர்வு" (531) என்று வருகிறது. மகிழ்ந்தவன் கவனம் தவறுவான் என்பது அச்சொல்லோடு கூடப்பிறந்த பயம்.

தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாட்டில் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) மகிழ்ச்சி இல்லை, இருப்பது உவகை. அது எதனால் வரும் என்பதற்கு நான்கு நிலைக்களன்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. அழுகைக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செல்வத்துக்கு எதிரே வறுமை நிற்கிறது. விளையாட்டுக்கு எதிரே எது? ஒன்றும் இல்லை. விளையாடாதவன் அழுவான் என்று அந்த நூல் சொல்லவில்லை. இழவுக்கு எதிராக உவகைப் பக்கத்தில் எதை வைப்பீர்கள்? சாவு நடக்காத வீடு என்பதற்காக ஒருவன் துள்ளுவதில்லை. ஒன்றின் இன்மை மற்றது ஆகாது என்பதைப் பட்டியலே காட்டுகிறது. "இன்பமே எந்நாளும் துன்பமில்லை" என்று அப்பர் பாடியபோது இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததும் அதனால்தான் என்பேன். ஒன்று போதுமென்றால் மற்றது மிகை.

ஆகவே தங்கச்சி, உங்கள் 5 படி அளவுகோல் சொல்லில் மட்டும் பிழையில்லை, உருவத்திலேயே பிழை. ஒரே கோட்டின் ஒரு முனையில் மகிழ்ச்சியும் மறு முனையில் வருத்தமும் வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளையைக் காணச் சந்தோசமும், மகன் காணாமல் போன கவலையும் ஒரே பின்னேரத்தில் இருக்கிற மனிசிக்கு அந்தக் கோட்டில் இடம் எங்கே? நடுநிலையிலா?

நாவற்குழியான்:
ஐயா சொன்னது முழுக்கச் சரி. கோட்டின்ரை மேல் முனை எப்பிடியும் வெறுமையாத்தான் கிடக்கும். "மிகுந்த மகிழ்ச்சி" எண்டதுக்கு எங்கடை சனம் புள்ளடி போடாது, நாவூறு (கண்ணூறு மாதிரி) படுமெண்டு பயம். எப்பிடி இருக்கிறியள் எண்டால் "ஏதோ இருக்கிறம்". கலியாண வீட்டுப் பந்தலுக்குள்ளை நிண்டாலும் அதே மறுமொழிதான். "பரவாயில்லை" எண்டால் அது நல்ல உசத்தி எண்டு எடுக்க வேணும். "நடுநிலை" எண்டது வழக்குப் பேசப் போற இடத்துச் சொல்.

சந்தோசம் எண்ட சொல்லுக்கும் வேறை வேலையள் இருக்கு. ஆரும் ஏதும் தந்தால் "மெத்தச் சந்தோசம்" எண்டு நன்றி சொல்லுறது. வேலை முடிச்சவன் தலையைச் சொறிஞ்சு "ஏதும் சந்தோசம்..." எண்டால் காசு கேக்கிறான். ஆனால் இதாலை படிவத்திலை ஒரு குழப்பமும் வராது, சந்தோசத்தையே வையுங்கோ. சங்கதம் (சமஸ்கிருதம்) தெரிஞ்சவை அதுக்கு நிறைவு, போதுமெண்ட மனம் எண்டு பொருள் சொல்லுவினம். பேச்சிலை அந்த நுட்பம் இல்லை.

போதுமெண்ட மனத்துக்கு எங்களிட்டை இருக்கிற சொல் ஆறுதல். தமிழ்நாட்டிலை ஆறுதல் சொல்லுறது எண்டால் தேற்றுறது மட்டும். இஞ்சை "ஆறுதலா வாங்கோ" எண்டால் அவசரமில்லை, மெல்ல வாங்கோ. "ஆறுதலா இருந்து கதைப்பம்." சூடான தேத்தண்ணி ஆறுற அதே ஆறுதான்.

ஏட்டுச்சுவடி:
அதற்கு ஒரு துணைச்சான்று. நாம் நிம்மதி என்பதைக் கன்னடத்தில் நெம்மதி என்பார்கள், அதே பொருள்தான். தெலுங்கிலோ "நெம்மதிகா" என்றால் மெதுவாக. நம் "ஆறுதலா" செய்த அதே பயணம்: மெதுவும் மன அமைதியும் ஒரே சொல்லுக்குள்.

வாட்டுமொழி:
நிம்மதியும் ஆறுதலும் படிவத்துக்கு மிகவும் உதவும். சந்தோசமோ எண்டு கேட்டால் கூச்சப்படுற ஆள், "மனம் ஆறுதலாக இருந்த நேரம் இருந்ததா?" எண்டால் யோசிச்சு உண்மையான மறுமொழி சொல்லும். நாவூறு பயம் அதிலை இல்லை.

சொல்லை விட்டுச் செயலையும் கேளுங்கோ. "ஒண்டிலையும் பிடிப்பில்லாமல் இருந்ததா?" எண்டு கேக்கிறதோடை நிக்காமல், முந்தி விருப்பமாச் செய்த ஒண்டைச் சொல்லச் சொல்லி, அது இப்ப எப்பிடி எண்டு கேக்கலாம்: பூக்கண்டு, கோயில், ரேடியோ, பின்னேரம் படலையடியிலை நிண்டு கதைக்கிறது. உடம்புப் பக்கம் தலையிடி, நெஞ்சுநோ, கால் உளைவு, பெருமூச்சு. மன உளைச்சல் எண்ட சொல்லிலை இருக்கிறதும் அந்தக் கால் உளைவின்ரை உளைதான். மனம் எண்ட பேச்சை எடுக்க விரும்பாத ஆக்கள் இந்தப் பக்கத்தாலை வருவினம்.

தீவுப்பக்கம்:
இப்பிடி ஒரு சொல் எங்கடையோ அவையடையோ எண்டு சந்தேகம் வந்தால் எங்கை பாக்கிறது? ஒவ்வொருக்காலும் இந்த இழைக்கு வரேலாது.

ஏட்டுச்சுவடி:
சென்னைப் பல்கலைக்கழக அகராதி (1924 முதல் 1936 வரை, ஆறு தொகுதி) யாழ்ப்பாண வழக்கைத் தனிக்குறி இட்டுக் காட்டுகிறது. பொருள்களில் எத்தனையாவதற்குப் பக்கத்தில் அந்தக் குறி நிற்கிறது என்று பாருங்கள், அதுதான் விடை. இன்றைய வழக்குக்கு கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் "இலங்." என்ற குறி. மானிப்பாயில் 1842இல் அச்சான அகராதி பழமை பார்க்க நல்லது, ஆனால் அது செய்யுட் சொற்களை அள்ளிக் குவிக்கும், பேச்சைத் தேடி அதற்குள் போகாதீர்கள். அகராதி பொருளைத் தரும், கூச்சத்தைத் தராது. இன்பத்தைப் பற்றி வாட்டுமொழி எழுதியது எந்த அகராதியிலும் இல்லை.

படிவக்காரி:
எல்லாருக்கும் மெத்தச் சந்தோசம் (முதற் பொருளிலை). அளவுகோலை எடுத்தாச்சு. புள்ளி கூட்டுறதும் இல்லை. திருத்தின வாசகம்:

கடந்த 2 கிழமையில்,
மனம் கவலையாக இருந்ததா?
ஒன்றிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா?
இருப்புக் கொள்ளாமல், நெஞ்சு படபடத்து, அந்தரமாக இருந்ததா?
நடக்கப்போறதை நினைத்து ஒரே யோசனையாக இருந்ததா?
சந்தோசப்பட்ட நேரம் இருந்ததா?
மனம் ஆறுதலாக இருந்த நேரம் இருந்ததா?

எல்லாத்துக்கும் நாள்க்கணக்குப் பெட்டி. ரண்டாம் பக்கத்திலை ஆலோசனைப் பகுதி முந்தின மாதிரியே: "நன்கு உறங்குங்கள். கவலையீனமாக இருக்கப் பழகுங்கள்." நாளைக்கு அச்சுக்குப் போகுது.

வாட்டுமொழி:
ரண்டாவது கேள்வி "பிடிப்பில்லாமல் இருந்ததா" எதிர்மறைதான், ஆனால் பெட்டி நாள்க்கணக்கு எண்டபடியாலை தப்பும். விடலாம். ஆனால் கடைசி ரண்டு கேள்விக்கும் பெட்டி தலைகீழா ஓடும், அங்கை "ஒருநாளும் இல்லை" எண்டதுதான் கவனிக்க வேண்டிய மறுமொழி. வாசிக்கிற தாதிக்கு அதைச் சொல்லி வையுங்கோ.

நாவற்குழியான்:
தங்கச்சி, அச்சுக்காரனுக்கு இப்பவே கோல் எடுங்கோ. கவலையீனம் எண்டால் இஞ்சை கவனமில்லாமை. "அவன்ரை கவலையீனத்தாலை மாடு கயித்தை அறுத்துக்கொண்டு போட்டுது." வருத்தக்காரருக்குக் கவலையீனமா இருக்கச் சொல்லி கிளினிக்கே எழுதிக் குடுத்தால், மருந்தைப் போடாட்டிலும் பிழையில்லை எண்டுதான் எடுப்பினம். அந்த வரியை வெட்டிப்போட்டு "யோசிக்காதேங்கோ" எண்டு போடுங்கோ.

ஏட்டுச்சுவடி:
"யோசிக்காதீர்கள்" என்று எழுத்துநடையில் மாற்றிவிடாதீர்கள், பொருளும் மாறிவிடும். -ங்கோவோடேயே இருக்கட்டும்.